கொக்கி திற, கொக்கி மூடு

எங்கள் வீட்டில் 'பை' என்று சொல்லக் கூடாது. காய்கறிப் பையைச் சொல்லவில்லை, அதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம். கணக்கில் வருகிற பையைச் சொல்கிறேன். வட்டத்தின் சுற்றளவில் வருகிற, பள்ளியில் மூன்று புள்ளி ஒன்று நான்கு என்று மனப்பாடம் செய்தோமே, அந்த எழுத்தும் பைதான். மூன்றை நாலால் வகுக்கும்போது 'மூணு பை நாலு' என்கிறோமே, அதுவும் பைதான். இரண்டையும் வேறுவேறாக உச்சரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். என் கணவர் அந்த ரகம் இல்லை. உதட்டை எப்படி வைத்துக்கொண்டாலும் அவருக்கு ஒரே பைதான் வந்தது.

இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். எங்கள் பிழைப்பே அதில்தான் இருந்தது. கணக்குப் புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் அச்சுக்கோத்துக் கொடுப்பது எங்கள் வேலை. கல்லூரி வாத்தியார்கள் கையால் எழுதிய பக்கங்களைச் சென்னையிலிருந்து பதிப்பகக்காரர் அனுப்பிவைப்பார். என் கணவர் அதை வாய்விட்டுப் படிப்பார், நான் அடிப்பேன். "நான் படிக்கிறவன், இவ அடிக்கிறவ" என்று யாராவது விசாரித்தால் சொல்வார். கேட்டவர்கள் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

கல்யாணத்துக்கு முன்பும் இதே கதைதான். சென்னையில் ஒரு கம்பெனியில் மேசைக்கு இரண்டு பேராக உட்கார்ந்து இந்த வேலை செய்தோம். என் மேசைக்கு அவர் வந்தார். பிறகு அவருடைய ஊரான அடி அண்ணாமலைக்கு, கிரிவலப் பாதையை ஒட்டிய இந்த வீட்டுக்கு, சீர்வரிசையில் ஒரு கம்ப்யூட்டரோடு நான் வந்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் வீட்டில் கேட்ட சத்தமெல்லாம் சமன்பாடுகளின் சத்தம்தான்.

நாங்கள் பயன்படுத்துகிற மென்பொருளுக்கு லேடெக் என்று பெயர். என் நாத்தனார், அவருடைய ஒரே தங்கை, ரப்பர் பாலுக்கும் கிட்டத்தட்ட அதே பெயர் என்பதால், வெகுநாள் வரை நாங்கள் ரப்பர் கையுறை வியாபாரம் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தாள். கடிதம் அடிக்கிற மாதிரி இல்லை இது. திரையில் நாம் அடிப்பது ஒன்று, தாளில் வருவது வேறு. ஒவ்வொன்றையும் நெளிந்த அடைப்புக்குறிக்குள் போட்டுக் கொடுக்க வேண்டும். அதை நாங்கள் கொக்கி என்போம். பின்னம் வேண்டுமா, பின்னம் என்று ஆணை கொடுத்து, கொக்கி திறந்து, மேலே இருப்பதை அடித்து மூட வேண்டும். மறுபடி திறந்து, கீழே இருப்பதை அடித்து மூட வேண்டும். கொக்கிக்குள் கொக்கி, அதற்குள் இன்னொன்று என்று போய்க்கொண்டே இருக்கும். திறந்ததையெல்லாம் மூடிவிட்டால் அழகான பக்கம் வரும். ஒன்றை விட்டுவிட்டால் எதுவுமே வராது.

இந்த ஊருக்கு வந்த புதிதில், பாலிடெக்னிக் புத்தகம் ஒன்றில் அவர் "ரெண்டு பை ஆர்" என்று படித்தார். நான் இரண்டை மேலே போட்டு, கோடு கிழித்து, ஆரைக் கீழே போட்டேன். வட்டம் பெரிதாகப் பெரிதாக அதன் சுற்றளவு சிறுத்துக்கொண்டே போகிற அதிசயம் எங்கள் வீட்டில் நடந்தது. எழுதிய வாத்தியார் போனில் பிடித்த பிடியில் இவர் முகம் சுருங்கிவிட்டது. போனை வைத்தபின் ஒரு தாளில் அந்த எழுத்தை வரைந்து என் முன்னால் வைத்தார்.

"இது இன்னா மாதிரி கீது, பாரு. ரெண்டு தூணு, மேல ஒரு கல்லு. மண்டபம். இனிமே நான் மண்டபம்னுதான் சொல்லுவேன்."

மலையைச் சுற்றி வந்தால் எங்கே பார்த்தாலும் அப்படி ஒரு மண்டபம் நிற்கும், ஆடு படுத்திருக்கும், அல்லது யாராவது தலைக்கு மூட்டையை வைத்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அதனால் எனக்கு அது உடனே பிடிபட்டது. ரெண்டு மண்டபம் ஆர். அன்றைக்கு ஒழிந்தது பை. அதோடு விடாமல் மற்றதற்கும் பெயர் வைத்தோம். தொகையீட்டுக் குறி பாம்பு. முடிவிலி படுத்த எட்டு. கொக்கி என்ற சொல்லையும் நாளடைவில் விட்டுவிட்டு வெறும் திற, மூடு என்று ஆகிவிட்டது. "பாம்பு, கீழ திற, சைபர், மூடு, மேல திற, மண்டபம், மூடு, பின்னம் திற" என்று அவர் ஒரே ராகத்தில் படிக்க, ஜன்னலுக்கு வெளியே நடந்துபோன ஒரு அம்மா நின்று கைகூப்பி, இது என்ன மந்திரம் சாமி என்று கேட்டார்கள். மண்டப மந்திரம் என்று இவர் கூச்சமில்லாமல் சொல்லிவிட்டார்.

என் மேசை சுவரைப் பார்த்து இருக்கும். அவர் எனக்குப் பின்னால், ரோட்டுப் பக்க ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து படிப்பார். வேலை நேரத்தில் அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. அந்தக் குரல் என் முதுகுக்குத்தான் நன்றாகப் பழக்கம். சண்டை போட்ட நாட்களிலும் வேலை நிற்காது. ஆனால் அன்றைக்கு அவர் சொல்கிற "மூடு" கொஞ்சம் கனமாக விழும். அது கொக்கிக்கா என் வாய்க்கா என்று எனக்கே சந்தேகம் வரும். நான் வேண்டுமென்றே ஒன்றை மூடாமல் விடுவேன். அப்போது மென்பொருள் 'ரன்அவே ஆர்க்யுமென்ட்' என்று ஆங்கிலத்தில் ஒரு புகார் சொல்லும். அதை அவர் ஓடிப்போன வாதம் என்று தமிழாக்கி வைத்திருந்தார். "வாதம் ஓடிப்பூடுச்சு பாரு, போயி புடிச்சினு வா" என்பார். அதில் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சண்டையும் அதோடு சரி.

பௌர்ணமி மட்டும் எங்களுக்கு விடுமுறை. அன்று மதியத்துக்குமேல் ஜனம் இறங்கிவிடும், எங்கள் ரோட்டில் வண்டி வராது, காலடிச் சத்தம் மட்டும் ஆறு மாதிரி போய்க்கொண்டிருக்கும். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு அவர் வேடிக்கை பார்ப்பார். பேச்சைக் கேட்டே இவர்கள் ஆந்திரா, இவர்கள் சேலம் பக்கம், இந்த அம்மாவுக்குச் செருப்பில்லாமல் பழக்கமே இல்லை என்று சொல்லிக்கொண்டே வருவார். ஒரு பௌர்ணமிக்காவது நீங்களும் சுற்றக் கூடாதா என்று கேட்டால், பாதைமேலேயே வீடு கட்டியவன் எதற்கு நடக்க வேண்டும் என்பார். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காபி குடிப்பேன். இதைவிட நல்ல நாள் எனக்கு வாழ்க்கையில் வாய்த்ததில்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அது வெறும் விடுமுறையாகத்தான் இருந்தது.

பிறகு வாதம் ஓடிப்போகவில்லை, வந்து சேர்ந்தது. ஒரு காலை நேரம். புதிய அத்தியாயத்தின் முதல் சமன்பாடு. "பின்னம், திற" என்றார். நான் திறந்தேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. எழுத்து புரியாமல் தாளை உற்றுப் பார்க்கிறார் என்று நினைத்து விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். திரும்பிப் பார்த்தபோது தாள் கீழே கிடந்தது, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

வேலூர் ஆஸ்பத்திரியில் நல்லபடியாகத்தான் பார்த்தார்கள். பக்கவாதம் என்றார்கள். கால் மெல்ல மெல்லச் சரியாகி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற அளவுக்கு வந்தார். வலது கை அரைகுறை. இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டார். பேச்சு மட்டும் வரவே இல்லை. நாம் சொல்வது ஓரளவு புரியும், ஆனால் சொல் வெளியே வரும் வழி அடைபட்டுவிட்டது என்று, பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் எனக்கு விளக்கினாள். வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து வாழைப்பழம், டம்ளர், நாய் என்று படங்களைக் காட்டுவாள். அவர் படத்தைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார், அப்புறம் ஜன்னலைப் பார்ப்பார்.

மலையடிவாரத்து ஆசிரமத்துப் பக்கம் போனால் மௌனம் என்று அட்டை எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்கிற வெள்ளைக்காரர்களைப் பார்க்கலாம். எங்கெங்கிருந்தோ விமானம் ஏறி வருகிறார்கள், பேசாமல் இருப்பதற்கு. செங்கம் ரோட்டில் மருந்து வாங்கப் போகும்போது அவர்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். என் வீட்டுக்கு வாங்கய்யா, வாடகையில்லாமல் தருகிறேன் என்று சொல்லத் தோன்றும். ஒரு வீட்டில் ஆள் இருந்தும் இல்லாத மாதிரி இருப்பது, ஆளே இல்லாத வீட்டைவிட மோசம். நாள் முழுவதும் நான் பேசினேன். சாப்பாடு, மருந்து, குளியல், வெயில் என்று பேசிக்கொண்டே இருந்தேன். பதில் வராத பேச்சு தன்னாலேயே சின்னதாகிக்கொண்டு போகும். கடைசியில் "இந்தாங்க", "ம்" என்பதில் வந்து நின்றது.

வேலையை மறுபடி எடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது. பதிப்பகக்காரர் நல்ல மனிதர், காத்திருந்தார். இப்போது பக்கத்தைப் போட்டோ எடுத்துக் கொடுத்தால் தானாகவே சமன்பாட்டை அடித்துத் தருகிற மென்பொருள் வந்துவிட்டது, அதை வைத்துக்கொண்டு செய்யுங்களேன் அம்மா, சுலபம் என்றார். செய்து பார்த்தேன். முக்கால்வாசி சரியாகவே வந்தது. ஆனால் சத்தமில்லாமல் ஒரு சமன்பாடு வந்து திரையில் நிற்பதைப் பார்த்தால் எனக்கு அது யாரோ தெரியாதவர்கள் வீட்டுக்குள் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. என் விரலுக்குக் காதால்தான் வேலை செய்யத் தெரியும். அதனால் நானே படிப்பது, நானே அடிப்பது என்று ஆரம்பித்தேன். பாம்பு, கீழ திற, சைபர், மூடு. என் குரலில் அதைக் கேட்க முதலில் வெட்கமாக இருந்தது. அவர் வழக்கம்போலப் பின்னால் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

அப்படி ஒரு நாள் நீளமான ஒரு வரி. ரூட்டுக்குள் பின்னம், பின்னத்துக்குள் அடுக்கு. அடித்து முடித்து அடுத்த வரிக்குப் போகப் போனேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"மூடு."

பழைய குரல் இல்லை. நாக்கு தடித்து, குழைந்து வந்தது. ஆனால் சொல் தெளிவு. நான் திரும்பவில்லை, திரும்பினால் அது இல்லாமல் போய்விடும் என்று பயம். திரையைப் பார்த்தேன். ரூட்டின் கொக்கி திறந்தே கிடந்தது. மூடினேன். அப்புறம்தான் திரும்பினேன். அவர் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். என் மனுஷன் உள்ளேதான் இருக்கிறார், நான் படிப்பதை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார் என்று நினைத்தேன். அத்தனை நாளில் அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு அந்தச் சொல் அடிக்கடி வந்தது. மற்ற சொல் எதுவும் வரவில்லை. "மூடு" மட்டும், அதுவும் நான் வேலை செய்யும்போது மட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் என் நாத்தனார் வேங்கிக்காலிலிருந்து வருவாள். அண்ணன்மேல் உயிர் அவளுக்கு. மீன் குழம்பு கொண்டுவந்து முள் எடுத்து ஊட்டிவிடுவாள். ஒரு ஞாயிறன்று அவசர வேலை என்பதால் அவள் அவரோடு உட்கார்ந்திருக்க, நான் படித்து அடித்துக்கொண்டிருந்தேன். அவர் "மூடு" என்றார். அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். நான் பெருமையோடு, பார்த்தாயா, பேசுகிறார் என்றேன். அவள் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. அடுப்படிக்குப் போன என் பின்னாலேயே வந்து மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணி, தப்பா நெனச்சுக்காதீங்க. அண்ணன் வாயை மூடுன்னு சொல்லுது. அந்தக் கணக்குச் சத்தம் அதுக்குப் புடிக்கல. எனக்கே தல வலிக்குது."

கொக்கியைப் பற்றி அவளுக்கு எடுத்துச் சொன்னேன். திறந்தால் மூட வேண்டும் என்பதை இரண்டு கையையும் வைத்துக் காட்டினேன். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பைத்தியத்துக்குத் தலையாட்டுவது மாதிரி இருந்தது எனக்கு. பிறகு தன் யோசனையைச் சொன்னாள். அண்ணனைக் கொஞ்ச நாள் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறாளாம். அங்கே பிள்ளைகள் இருக்கிறார்கள், டிவி இருக்கிறது, கலகலப்பாக இருக்கும். நானும் நிம்மதியாக வேலையை முடிக்கலாம். வருகிற பௌர்ணமிக்கு ரோட்டில் ஆட்டோ விடமாட்டார்கள், அதற்கு மறுநாள் காலையில் ஆட்டோவோடு வருகிறேன் என்றாள். அவள் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. கொஞ்ச நாள் என்பது எவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் கேட்டேன். அவள் நிதானமாகச் சொன்னாள். இப்படிப்பட்டவர்களுக்குச் சில நேரம் ஒரே ஒரு சொல் மட்டும் மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப வருமாம். தண்ணீர் வேண்டுமென்றாலும் அதே சொல், வலித்தாலும் அதே சொல். வாயில் அதிகம் புழங்கிய சொல்லாக இருக்கலாம் என்றாள். அதற்கு அர்த்தம் உண்டு என்று ரொம்ப நம்பாதீங்க, இல்லைன்னும் விட்டுடாதீங்க என்றாள். இதற்கு அவள் ஒன்றுமே சொல்லாமல் இருந்திருக்கலாம். அர்த்தம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தால் போதும், நான் நாத்தனாரிடம் அடித்துப் பேசிவிடுவேன். அண்ணன் என்னோடு வேலை செய்துகொண்டிருக்கிறார், எங்கேயும் வரமாட்டார் என்று சொல்லிவிடுவேன்.

அதனால் நானே சோதித்தேன். வேண்டுமென்றே கொக்கியை மூடாமல் விட்டுவிட்டு, விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பேன். சில நேரம் உடனே "மூடு" வரும், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். சில நேரம் வரவே வராது. எல்லாம் மூடியிருக்கிற வரிக்கும் ஒரு "மூடு" வரும். அப்போது அந்த வரியை மறுபடி மேலிருந்து தேடுவேன், எங்காவது நான்தான் விட்டிருப்பேன் என்று. சரியாக வந்ததை நினைவில் வைத்துக்கொண்டேன், தப்பாக வந்ததை உதறிவிட்டேன். அது எனக்கே தெரிந்தது. தெரிந்தும் அப்படித்தான் செய்தேன். ஜன்னல் திறந்திருக்க, மண் லாரி போகிற சத்தத்திலும் தூசியிலும் கத்திப் படித்துக்கொண்டு, ஒரு சொல்லுக்காக முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பௌர்ணமி வந்தது. அவர் விழுந்த பிறகு பௌர்ணமியில் நான் ஜன்னலைத் திறப்பதில்லை. வெயில் சாய்வதற்கு முன்பே கொக்கி போட்டுத் திரைச்சீலையையும் இழுத்துவிடுவேன். அத்தனை லட்சம் பேர் என் வீட்டை உரசிக்கொண்டு போவதும், அதில் ஒருவர்கூட எனக்குத் தெரிந்தவராக இல்லாததும் என்னால் தாங்க முடியவில்லை. குடும்பம் குடும்பமாகப் போவார்கள். யாராவது ஒருத்தி புருஷனைப் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டு போவாள். அந்தத் திட்டு எனக்குப் பொறாமையாக இருந்தது. அதனால் மூடிவிட்டு, விடுமுறையை ரத்து செய்து, வேலையில் உட்கார்ந்துவிடுவேன்.

அன்று அவருடைய துணிகளை மடித்து ஒரு பையில் வைத்திருந்தேன். மறுநாள் காலை ஆட்டோ வந்துவிடும். அவர் வழக்கமான நாற்காலியில். நான் அவர் விழுந்த அன்று நின்றுபோன அத்தியாயத்தை அன்றைக்குத்தான் எடுத்தேன். அதுவரை அதைத் தள்ளித் தள்ளி வைத்திருந்தேன். ஏன் அன்றைக்கு எடுத்தேன் என்றால், இதற்குப் பதில் வரவில்லையென்றால் எதற்கும் வராது என்று ஒரு பிடிவாதம்தான். முதல் சமன்பாட்டை எடுத்து வைத்தேன். மூடிய ஜன்னலுக்கு வெளியே காலடிச் சத்தம் போய்க்கொண்டே இருந்தது. "பின்னம்" என்று படித்துவிட்டு, அதற்குமேல் குரல் வராமல் நின்றேன்.

"திற" என்றார்.

விழுவதற்கு முன் அவர் கடைசியாகச் சொன்ன சொல் அதுதான். விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறார். என் விரல் எனக்கு முன்னால் ஓடிப்போய்க் கொக்கியைத் திறந்துவிட்டது. திறந்துட்டேங்க, சொல்லுங்க, உள்ளே என்ன என்றேன். சொல்லுங்க, எக்ஸா, மண்டபமா என்றேன். நாற்காலி தரையில் உராயும் சத்தம் கேட்டது.

"திற" என்றார் மறுபடி, கொஞ்சம் அதட்டலாக.

அப்போதுதான் திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. பாதி எழுந்து, நல்ல கையை நீட்டி ஜன்னல் தாழ்ப்பாளைக் காட்டிக்கொண்டிருந்தார்.

எழுந்துபோய்த் திரைச்சீலையை ஒதுக்கி ஜன்னலைத் திறந்தேன். மாலை வெளிச்சமும் ஜனங்களின் சத்தமும் கற்பூர வாசனையும் சுக்குக்காபி விற்கிறவரின் கூவலும் ஒரேயடியாக உள்ளே வந்து விழுந்தன. அவர் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பப் பார்த்தார், ஒரு கையால் முடியவில்லை. நான் திருப்பிப் போட்டேன். உட்கார்ந்து, கன்னத்தைக் கம்பியில் சாய்த்துக்கொண்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.

எத்தனையோ மாதத்தில் முதல்முறையாக அவர் ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அதைத் தமிழ் தெரிந்த யார் கேட்டாலும் உடனே எழுந்துபோய் ஜன்னலைத் திறந்திருப்பார்கள். என் நாத்தனார், அந்தப் பயிற்சிக்காரப் பெண், ரோட்டில் போகிற சேலத்துக்காரர்கள், யாராக இருந்தாலும். எனக்கு மட்டும்தான் புரியவில்லை. எனக்கு மட்டும்தான் புரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த நான் கம்ப்யூட்டரில் ஒரு கொக்கியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த எண்ணத்தின் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. வேலை செய்கிற நாட்களில் ஜன்னல் திறந்திருக்கும். லாரித் தூசி நேராக அவர் முகத்தில்தான் அடிக்கும். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன், அவர் எதைப் பார்த்து "மூடு" என்றார் என்று ஒரு தடவைகூட நான் கண்டதில்லை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இத்தன நாளா மூடுன்னு சொன்னீங்களே, எதச் சொன்னீங்க?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். புரிந்த மாதிரிதான் இருந்தது. ஏதோ சொல்ல வாய் கூடியது, சொல் வரவில்லை, விட்டுவிட்டார். மறுபடி ரோட்டைப் பார்த்தார். தெலுங்கு பேசிக்கொண்டு ஒரு கூட்டம் போனது. அவர் புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தார். ஆந்திரா என்றேன் நான். ஆமாம் என்பது மாதிரி கண்ணை மூடித் திறந்தார்.

நாத்தனாருக்குப் போன் போட்டேன். அண்ணன் பேசினார் என்றதும், என்ன சொன்னார் என்று கேட்டாள். திற என்று சொன்னார் என்றேன். சொல்லி முடிப்பதற்குள், ஜன்னலைத்தானே, பௌர்ணமி ஆச்சே என்றாள். பட்டென்று சொன்னாள், யோசிக்கவே இல்லை. அப்புறம் அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் அழுகை ஓய்கிற வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

"ஆட்டோ வாணாம் அண்ணி. அண்ணனுக்கு அந்த ஜன்னல் வேணும், அங்கியே இருக்கட்டும். நான் நாளைக்கு வந்து உங்களோட ரெண்டு நாள் தங்கறேன்."

சரி, வா என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். போனை வைத்ததும் வீடு முன்னைவிடப் பெரியதாக இருந்தது. அவர் என்னோடுதான் இருக்கப்போகிறார், அது கிடைத்துவிட்டது. ஆனால் நாங்கள் இருவர் மட்டும் பேசிய ஒரு பேச்சு இருந்ததே, அதில் இப்போது நான் ஒருத்திதான் பாக்கி என்று தெரிந்தது. இனி அவர் பேசினால் எல்லோரும் பேசுகிற தமிழில் பேசுவார். நான் அதைப் புதிதாகக் கேட்டுப் பழக வேண்டும்.

எழுந்து காபி போட்டு வந்தேன். அவர் இடது கையால் டம்ளரை வாங்கிக்கொண்டார். இருட்டத் தொடங்கி, ரோட்டு விளக்கு எரிந்தது. அறைக்குள் நான் விளக்குப் போடவில்லை. பின்னால் சுவரோரம் கம்ப்யூட்டர் மட்டும் வெளிச்சமாக நின்றது, அதில் அந்தப் பின்னத்தின் கொக்கி திறந்தபடியே கிடந்தது. அன்று அதை யாரும் மூடச் சொல்லவில்லை.